முதல் உருட்டு

“அம்மா, நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு உருட்டுகூடப் பொய்யா உருட்டினது கிடையாது. ஆனா என் வீட்டுக்காரி என்கூட ஆட மாட்டேங்கா.”

வந்தவர் ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. செருப்பைக் கழற்றினார், குறையைக் கொட்டிவிட்டார்.

உலகம்மை கஞ்சிப் பானையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

மலைக்கோயிலுக்குப் படி தொடங்கும் இடத்தில் நாலு தூண் கல்மண்டபம் ஒன்று உண்டு. அதுதான் அவள் இருப்பிடம். ஏறுகிறவர்களுக்கு மோர், இறங்குகிறவர்களுக்குக் கஞ்சி. நடுவில் யாராவது மனக்குறையோடு வந்தால் அதையும் கேட்டுக்கொள்வாள். பதில் சொன்னால் ஒரு வரி. பல நாள் அதுவும் கிடையாது. இருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களில் அவளைக் குரு என்றுதான் சொன்னார்கள்.

அவளுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. வந்தவருக்கு அறுபது நெருங்கும்.

“உக்காருங்க அண்ணாச்சி,” என்றாள். “என்ன ஆட்டம்?”

“தாயம்.”

அவர் மடியை அவிழ்த்து ஒரு சுருக்குப்பையை எடுத்தார். அதிலிருந்து விரல் நீளத்தில் இரண்டு பித்தளைக் கட்டைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நாலு பட்டை. ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒன்று வெறுமை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து இரண்டும் தங்கமாய் மின்னின.

அவர் பெயர் கோமதிநாயகம். ஊர்ச் சந்தையில் தராசு பிடிக்கிறவர். புளி, வத்தல், பருத்தி எதுவானாலும் அவர் எடை சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. தட்டில் ஈ உட்கார்ந்தால் ஈயை விரட்டிவிட்டுத்தான் முள்ளைப் பார்ப்பார் என்று சந்தையில் கிண்டல் செய்வார்கள். அது கிண்டல் என்பது அவருக்குத் தெரியாது.

நேர்மையான மனிதர். அதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்கு அறவே இல்லை.

“விளக்கு வச்சதும் கட்டத்து முன்னால உக்காந்துருவோம்,” என்றார். “கல்யாணம் ஆன வருசத்துல இருந்து இது நடக்கு. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. வீட்டுல ரெண்டே பேரு. பகல்ல நான் சந்தை, அவ அடுப்பு. பேசுதது பூரா அந்தக் கட்டத்து முன்னாலதான். பக்கத்து வீட்டுக் கதை, மாடு கன்னு போட்டது, அவ அண்ணன் கடுதாசி போட்டது, எல்லாம் அங்க வச்சுத்தான் சொல்லுவா.”

“ம்.”

“இப்ப சோறு போடுதா, தண்ணி வைக்கா, படுத்துக்கிடுதா. ஒரு வார்த்தை இல்ல. எனக்குப் பயமா இருக்கு அம்மா.”

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போயிற்று. சந்தையில் அத்தனை பேருக்கு நடுவில் எடை கூவுகிற குரல் அது.

“எதுல வந்த சண்டை?”

“யாரு முதல்ல ஆடுததுங்கதுல.”

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

“சின்ன விசயம்னு நினைக்கக் கூடாது,” என்றார் கோமதிநாயகம். “தாயத்துல முதல்ல ஆடுதவருக்கு ஒரு சாதகம் உண்டு. முதல்ல இறங்குவாரு, முதல்ல வெட்டுவாரு. அதனால அதை நியாயமா முடிவு பண்ணணும். ஆளுக்கு ஒரு உருட்டு. யாருக்குப் பெருசா விழுதோ அவரு முதல்ல. சமமா விழுந்தா திரும்பவும் உருட்டணும்.”

“சரி.”

“கட்டையை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சுத் தேய்ச்சு உருட்டணும். தரையில ஒரு புரட்டாவது புரளணும். சப்புனு விழுந்தா செல்லாது. ஏன்னா, வேண்டிய பட்டையை மேல பாத்து வச்சுகிட்டு அப்படியே கையை விட்டுரலாம். தாயத்துல உள்ள களவு பூரா அந்த இடத்துலதான் இருக்கு.”

“அவங்க களவு பண்ணாங்களா?”

கோமதிநாயகம் உடனே பதில் சொல்லவில்லை. அந்த நேர்மை அவருக்கு உண்டு.

“ஆடி மாசத்துல ஒரு நாள். அவ உருட்டு சப்புனு விழுந்துது. செல்லாதுன்னேன். திரும்பப் போட்டா. அதுவும் சப்புனு விழுந்துது. செல்லாதுன்னேன். மூணாவதும் அப்படியே. ‘என்ன, வச்சுப் போடுதே’ன்னு கேட்டேன். அவ்வளவுதான். கட்டையை என் பக்கமாத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போனா. அதோட சரி.”

“அப்புறம்?”

“அவளுக்கு என் கட்டை மேல சந்தேகம் அம்மா. எனக்குச் சாதகமாச் சாயுதுன்னு நினைக்கா. வேற என்ன இருக்க முடியும்? நான் ரெண்டையும் என் தராசுல எதிரெதிர்த் தட்டுல வச்சுப் பாத்தேன். முள்ளு அசையல. அதை அவகிட்டப் போய்ச் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘ஆமா, உங்க தராசு தப்பாது’ன்னா. சொல்லிட்டு அழுதா. எவ்வளவு வீம்பு பாருங்க.”

பானையில் கஞ்சி கொதித்துத் தளும்பியது. உலகம்மை விறகை வெளியே இழுத்தாள்.

“வீம்பு அதோட நிக்கல,” என்று அவர் தொடர்ந்தார். “வாசல்ல புள்ளி வச்சுத் தெரு அடைக்கக் கோலம் போடுவா. இப்ப ரெண்டு கோடு, அதுவும் கோணல். தோசைக்கு அரைக்குததை நிறுத்திட்டா. தலையை முடிஞ்சுக்கிடுதது இல்ல, அவிழ்த்துப் போட்டது போட்டபடி கிடக்கு. போன வாரம் என் செம்பைக் கிணத்தடியில வேணும்னே போட்டு நெளிச்சுட்டா. எங்க அப்பா வச்சிருந்த செம்பு. எல்லாம் என் மேல உள்ள கோபம்.”

உலகம்மை கையிலிருந்த அகப்பை நின்றது.

“ஜெயிச்சாச் சிரிப்பாங்களா?” என்றாள்.

“யாரு?”

“உங்க வீட்டுக்காரி.”

கோமதிநாயகம் யோசித்தார். எத்தனையோ சாயங்காலம் அவள் ஜெயித்திருக்கிறாள். கடைசிக் காய் நடுக்கட்டம் ஏறிப் பழமாகும்போது அவர் கட்டங்களை இன்னொரு முறை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். எண்ணி முடித்து நிமிரும்போது அவள் அடுக்களைக்குப் போயிருப்பாள்.

“கவனிச்சதில்ல,” என்றார்.

உலகம்மை மறுபடியும் கஞ்சியைத் துழாவினாள்.

“எனக்கு வேண்டியது ஒண்ணுதான் அம்மா. யாரும் குறை சொல்ல முடியாத ஒரு ஜோடிக் கட்டை. ஓரம் சாயக் கூடாது, சமமும் விழக் கூடாது. ஒரே உருட்டுல இவர்தான் முதல்லன்னு தீந்துரணும். அப்படி ஒண்ணை அவ முன்னால வச்சா, அவ வந்து உக்காருவா. எங்கயாவது இருக்கா?”

“இருக்கும்.”

“எங்க?”

“முதல்ல என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க, அண்ணாச்சி.”

*

அன்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்த பிறகு இருவரும் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்ததும் ஆடிவிடலாம் என்று நினைத்தால் கோமதிநாயகத்தைத் தெரியாது என்று அர்த்தம்.

முதலில் கல்தரையைத் துடைத்தார். பிறகு அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். சொட்டு கிழக்கே ஓடியது. இடம் மாற்றினார். அங்கே வடக்கே ஓடியது. மூன்றாவது இடத்தில் சொட்டு அப்படியே நின்றது. அங்கே கரிக்கட்டியால் கட்டம் வரைந்தார்.

“முதல்ல யாரு உருட்டுதது?” என்றாள் உலகம்மை.

“முதல்ல யாரு ஆடுததுன்னு பாக்கத்தான் உருட்டுதோம்.”

“அந்த உருட்டை யாரு முதல்ல உருட்டுதது?”

இப்படி ஒரு கேள்வி அவரிடம் யாரும் கேட்டதில்லை. நெடுநேரம் யோசித்தார்.

“நீங்க உருட்டுங்க,” என்றார் கடைசியில், அரை மனதாக.

அவள் உருட்டினாள். அஞ்சு. அவர் உருட்டினார். அஞ்சு. மறுபடியும் உருட்டினார்கள். அவளுக்கு மூன்று, அவருக்கும் மூன்று. அடுத்த உருட்டில் ஒரு கட்டை தூணில் முட்டித் திரும்பியது. தூணில் முட்டினால் செல்லாது. அதற்கடுத்த உருட்டில் அவளுக்கு நாலு விழுந்தது. அவர் கட்டையைக் கையில் எடுக்கும்போது மலையிலிருந்து ஒரு கூட்டம் கஞ்சிக்கு இறங்கி வந்துவிட்டது.

உலகம்மை எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவர் கட்டையை அப்படியே உள்ளங்கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“நடுவுல ஆள் எந்திரிச்சுட்டா அந்த உருட்டு செல்லுமா செல்லாதான்னு யோசிச்சுகிட்டு இருக்கேன்,” என்றார்.

“என்ன முடிவு?”

“செல்லாது. முதல்ல இருந்து உருட்டணும்.”

உலகம்மை வானத்தைப் பார்த்தாள். வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது.

“நாளைக்கு ஆடுவோம், அண்ணாச்சி.”

அன்றைக்கு ஆட்டம் தொடங்கவே இல்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. ஒன்றும் தவறாக நடக்கவில்லையே என்ற திருப்தியோடு மண்டபத்து ஓரத்தில் துண்டை விரித்துப் படுத்தார்.

படுத்ததும் வீடு நினைவுக்கு வந்தது. மலைக்கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தார். மனைவி சண்பகவடிவு தலையை ஆட்டினாள். வழிக்குக் கட்டுச்சோறு கட்டித் தரவில்லை. முன்பெல்லாம் பக்கத்து ஊருக்குப் போனாலும் வாழை இலையில் கட்டி, நாரால் இறுக்கி முடிச்சுப் போட்டுத் தருவாள். இப்போது சோற்றைத் தூக்குவாளியில் போட்டு மூடி வைத்திருந்தாள், அதுவும் மூடி சரியாக அழுந்தாமல்.

இவ்வளவு கோபமா, என்று நினைத்தபடி புரண்டு படுத்தார்.

*

மறுநாள் காலையில் அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போனார். வேட்டியைத் துவைத்துக் காயவைத்து, கட்டைகளையும் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது.

உலகம்மை கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்கு ஒரே உருட்டுல முடிச்சுருவோம் அம்மா,” என்று கட்டைகளை அவள் பக்கம் வைத்தார். “உருட்டுங்க.”

கட்டைகள் சப்பென்று விழுந்தன. விழுந்த இடத்திலேயே கிடந்தன.

“புரளல,” என்றார். “செல்லாது.”

அவள் எடுத்தாள். மறுபடியும் விட்டாள். சப்.

“செல்லாது.”

மூன்றாவது முறையும் அதேதான். ஆறு விழுந்திருந்தது. இரண்டு கட்டையிலும் மும்மூன்று புள்ளி, மேல்முகமாக, யாரோ அடுக்கி வைத்ததுபோல.

கோமதிநாயகத்துக்கு முகம் சிவந்தது. ஆறு. அதுவும் வைத்துப் போட்டது. நேற்று அழகாக உருட்டியவள்தானே?

“அம்மா,” என்றார், “நீங்க பெரியவங்க. இருந்தாலும் சொல்லுதேன். வச்சுப் போடுதீங்க.”

உலகம்மை கட்டைகளை அவர் பக்கமாகத் தள்ளினாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மனைவிதான் இப்படி என்றால் குருவும் இப்படியா? ஒரு கட்டத்துக்கு முன்னால் நாணயமாக இருக்க உலகத்தில் தன்னைத் தவிர ஆளே கிடையாதா? அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. சிரிக்க வேண்டாம். அந்த மனிதர் உண்மையிலேயே தனியாகிப்போனவர்போல உட்கார்ந்திருந்தார்.

மலையிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். வரிசை சேர்ந்தது. பசி யாரை விட்டது? அவரும் தன் தூக்குவாளி மூடியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

உலகம்மை அவருக்குக் கஞ்சி ஊற்றினாள். இடது கையால்.

கோமதிநாயகம் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இடது கையால் ஒருவருக்கு உண்ணக் கொடுப்பதா? தெருவில் போகிற பிச்சைக்காரனுக்குக்கூட யாரும் அப்படிப் போடமாட்டார்கள்.

“நியாயம் கேட்டதுக்கு இந்த மரியாதையா?” என்றார் மெதுவாக.

“குடிங்க, அண்ணாச்சி. சூடு ஆறிரும்.”

அவர் குடிக்கவில்லை. விலகி நின்றுகொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். இப்போதே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தார்.

அவருக்கு அடுத்து நின்றது ஒரு வெளியூர்ப் பெண். முடி இறக்கிய தலையில் சந்தனம் பூசியிருந்தாள். மண்டபத்தையே இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். ஏனத்தை நீட்டியவள், நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“ஏ தாயி, கையில என்ன?”

“காலையில உலை சரிஞ்சுட்டு,” என்றாள் உலகம்மை.

“ஐயோ. முழங்கை வரைக்கும் வெந்துபோயிருக்கே. இந்தக் கையை வச்சுகிட்டா நிக்கே? அகப்பையை இங்க கொண்டா. நான் ஊத்துதேன். நீ உக்காரு.”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார்.

உலகம்மையின் வலது கையில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வாழைக்குருத்து சுற்றியிருந்தது. பச்சைப் பசேலென்று. வெளியே தெரிந்த விரல்நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன. மறைவில் ஒன்றும் இல்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கைக்கு எதிரே அவர் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை செல்லாது என்று சொல்லியிருந்தார்.

“இந்தக் கையோடயா உருட்டுனீங்க?” என்றார்.

“நீங்க உருட்டச் சொன்னீங்க, அண்ணாச்சி.”

கோமதிநாயகம் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வாசலில் கோணலாய் இரண்டு கோடு. ஆட்டுக்கல் காய்ந்து கிடப்பது. முடியாத தலை. நெளிந்த செம்பு. மூடி அழுந்தாத தூக்குவாளி.

கையில் இருந்த மூடியை வாயில் வைத்தார். கஞ்சி ஆறியிருந்தது. குடிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

குடித்து முடித்து, மூடியைக் கழுவி, யாரிடமும் சொல்லாமல் நடக்கத் தொடங்கினார்.

“அண்ணாச்சி.”

திரும்பினார்.

“கட்டை.”

அவர் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. உலகம்மை அவற்றை இடது கையால் நீட்டினாள்.

கோமதிநாயகம் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

“நான் கேட்ட கட்டை எங்க கிடைக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே அம்மா.”

“வெயில் தாழ்ந்துட்டு,” என்றாள் உலகம்மை. “விளக்கு வைக்கதுக்குள்ள வீட்டுக்குப் போயிருங்க.”

*

அவர் தெருவுக்குள் நுழையும்போது அந்தி.

வீட்டு வாசல் திறந்திருந்தது. உள்ளே சண்பகவடிவு விளக்குக்கு முன்னால் குந்தியிருந்தாள். அவர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

தீப்பெட்டியைத் தரையில் வைத்துக் கால் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி உரசினாள். குச்சி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் உரசினாள். பற்றவில்லை. மறுபடியும்.

பற்றிக்கொண்டது. விளக்கு எரிந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

தினமும் அவர் வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது எப்படி எரிகிறது என்று அவர் கேட்டதே இல்லை.

செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தார். அவள் முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். எழுந்து தண்ணீர் எடுக்கப் போகப் பார்த்தாள்.

“தண்ணி வேண்டாம். இங்க இரி.”

அவள் நின்றாள்.

“நான் மலை ஏறல,” என்றார். “படியோட திரும்பிட்டேன்.”



அவர் மடியிலிருந்து கட்டைகளை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் முகம் வாடியது. இதற்குத்தானா என்பதுபோலச் சுவரைப் பார்த்தாள்.

“எனக்கு ஆட வராது,” என்றாள். பல நாளைக்குப் பிறகு அவர் காதில் விழுந்த அவள் குரல் அது.

“எந்தக் கை?” என்றார்.

அவள் திரும்பினாள். அவர் முகத்தையே பார்த்தாள். விளக்குச் சுடர் ஒரு தடவை ஆடி நின்றது.

“ரெண்டும்,” என்றாள்.

முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்து நீட்டினாள். விரல்கள் கணுவுக்குக் கணு வீங்கியிருந்தன. பாதி மடங்கியபடி நின்றன, மேற்கொண்டு மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

அவர் அந்தக் கைகளை அந்தக் கட்டத்துக்கு மேலே வருடக்கணக்காகப் பார்த்திருக்க வேண்டியவர். இன்றைக்குத்தான் பார்த்தார்.

“எப்ப இருந்து?”

“சித்திரையில இருந்து.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“மூணு தடவை உருட்டிக் காட்டினேனே.”

கோமதிநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தரையில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார். கரிக்கட்டியை எடுத்துக் கட்டம் வரைந்தார். தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்க்கவில்லை. ஒரு கோடு கோணலாகப் போயிற்று. அதை அழிக்கவும் இல்லை.

“முதல் உருட்டு,” என்றார்.

கட்டைகளை எடுத்து அவளுடைய இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்தார். அந்தக் கைகளின் மேல் தன் கைகளை இரண்டு பக்கமும் வைத்து மூடினார். மெல்லத் தேய்த்தார். உள்ளே பித்தளை நகர்ந்தது.

“வலிக்கா?”

“கொஞ்சம்.”

“நிறுத்தட்டா?”

“வேண்டாம்.”

நாலு கையும் சேர்ந்து கட்டையை விட்டன.

கட்டைகள் தரையில் விழும் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் குனியவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன விழுந்திருக்கு?” என்றாள் அவள்.

“நீ சொல்லு.”

“நீங்க பாக்கலையா?”

“நீ சொன்னாச் சரி.”

சண்பகவடிவு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து, ஒரு கட்டையைப் பார்த்தாள், மற்ற கட்டையைப் பார்த்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. நிமிர்ந்தபோது அவள் உதடு ஒரு பக்கமாக ஏறியிருந்தது. கைகளை அவர் கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

“செல்லாது,” என்றாள். “புரளவே இல்ல. திரும்பப் போடணும்.”